ஆங்கிலத் தொகையடைகளில் அசையும் அழுத்தமும்

ஆங்கிலத்தில் இரு சொற்கள் கூடி ஒரு பெயரடையாய் நிற்பதை ஈண்டுத் தொகையடை என வழங்குவோம். இதன்கண் அழுத்தம் எவ்வுறுப்பில் விழும் என்பதற்குப் பயிற்சிநூல்கள் எளியதொரு விதி கூறும். முதலுறுப்புப் பெயர்ச்சொல்லாயின் அழுத்தம் அதன்மேல். பெயரடையாயின் பின்னுறுப்பின்மேல் என்பதே அது. ‘ஹோம்சிக்’, ‘கலர்-பிளைண்ட்’ என்பன முன்னதற்கும், ‘பேட்-டெம்பர்டு’, ‘ஓல்ட்-ஃபேஷன்டு’ என்பன பின்னதற்கும் பொருந்தும். ஆயின் ‘டியூட்டி-ஃப்ரீ’, ‘ஹோம்-மேட்’, ‘வேர்ல்ட்-ஃபேமஸ்’ என்பவற்றில் முதலுறுப்புப் பெயரே, அழுத்தமோ பின்னுறுப்பில். 1968இல் சாம்ஸ்கியும் ஹாலேயும் பெயர், பெயரடை, வினை எனும் மூவகைத் தொகைக்கும் முதலுறுப்பே ஓங்கும் என ஒரே விதி வகுத்தனர். பெயர்த்தொகைக்குப் பெரிதும் ஏற்ற அவ்விதியும் இச்சொற்களின்முன் நில்லாது.

இவ்விதிகளின் குறை, தொகையடையைத் தனித்து நிறுத்தி நோக்கியமையே என்பது எம் கருத்து. ‘ஹோம்-மேட்’ பயனிலையாய்த் தொடரிறுதியில் வரின் ‘மேட்’ ஓங்கும்; ‘ஹோம்-மேட் கேக்’ எனப் பெயர்முன் வரின் ‘ஹோம்’ ஓங்கும். அடுத்துவரும் ‘கேக்’ என்பதன் அழுத்தத்தோடு மோதாதவாறு முன்னதன் அழுத்தம் பின்வாங்குகிறது. ‘கலர்-பிளைண்ட்’ போல்வன முதலிலேயே ஓங்குதலின் இடம்பெயர்வதில்லை. இவ்வியல்பை 1977இல் லிபர்மனும் பிரின்சும் தாளநெறியால் விளக்கினர்; 1990இல் வெளிவந்த வெல்சின் ஒலிப்பகராதி இத்தகு சொற்களுக்குத் தனிக்குறியே இட்டது. அக்குறியை நோக்காது, அகராதியின் அழுத்தத்தை அவ்வாறே செய்யுளடியில் ஏற்றிச் சீர் பிரிக்கும் மாணவர், புலவன் பிழைசெய்தான் எனத் துணிதல் கூடும், பிழை புலவனதன்று.

அசைப் பிரிப்பிலும் தெளிவு வேண்டும். ஆங்கிலச் ‘சிலபிள்’ என்பதை நம்மவர் ‘அசை’ என்றே பெயர்த்துவிட்டனர். நம் நிரையசையில் இரண்டு உயிர்கள் அடங்கும். ஆங்கிலத்ததிலோ உயிர் ஒன்றே. யாமும் வேறு சொல் காணாமையின் ‘அசை’ என்றே ஆள்கின்றோம்.

‘ஒயிட்-ஐடு’ என்பதில் டகர ஒற்று முன்னசைக்கு உரியது. அதனால் முன்னுள்ள உயிர் குறுகும். ஒற்றும் மூச்சொலி பெறாது. ‘ஹை-டோன்டு’ என்பதில் அவ்வொற்றே பின்னசையின் முதலாதலின் முன்னுயிர் நீளும். ஒற்றும் மூச்சொலியோடு பிறக்கும். உறுப்புகள் கூடும் எல்லையே ஈண்டு அசையெல்லை. மெய்யின்மேல் உயிரேற்றிப் பழகிய நம் நாவோ, ‘ஒயிட்-ஐடு’ என்பதையும் ‘ஒயி-டைடு’ என்றே பிரிக்க முந்துகிறது.