முட்டுக்காட்டில் ஹயபூசா, யாழ்ப்பாணத்தில் எம்டி 90

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் குடியிருப்பவர்களுக்கு அலாரம் தேவையில்லை. முட்டுக்காடு பாலம் ஏறி, கோவளம் தாண்டி, மாமல்லபுரத்தை நோக்கிப் பெரிய எஞ்சின்கள் உறுமிக்கொண்டு போகும். கவாசாகி நிஞ்ஜா 1000, சுசுகி ஹயபூசா, இடையிடையே ஒரு டிரையம்ப். டிபனை முடித்து வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள். சிலர் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு வந்து ஜிஎஸ்டி சாலையைப் பிடிப்பார்கள். 1043 சிசி எஞ்சினும் 19 லிட்டர் டேங்குமாக நெடும்பயணத்துக்கென்றே செய்த வண்டி, காலை உணவுக்குப் போய்விட்டு அடுத்த ஞாயிறு வரை உறையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

இலங்கையில் இந்தக் காட்சி அபூர்வம். அங்கே பெரிய எஞ்சின்களுக்கு நெடுங்காலமாகவே 450 சிசி என்றொரு கோடு உண்டு. 2011-இல் தெற்கு அதிவேகப் பாதை திறந்தபோதும் அதில் மோட்டார் சைக்கிளுக்கு இடம் இல்லை. மற்ற அதிவேகப் பாதைகளிலும் அதே விதிதான். அதனால் அந்த ஊர்ப் பயணக்காரர்கள் தேடுவது வேறு ரகம்: ஹோண்டா எக்ஸ்ஆர் 250 பாஹா போன்ற, ஜப்பானில் ஓடித் தேறிய ஒல்லியான ‘டிரெயில்’ வண்டிகள். நுவரெலியா, எல்ல மலைவளைவுகளுக்கு அவை போதும். சொல்லப்போனால் அங்கே 264 கிலோ ஹயபூசாதான் திணறும்.

வாங்கி வைத்திருக்கும் செலவு இரு நாட்டிலும் இரு விதமாகக் கடிக்கிறது. இந்தியாவில் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி வரி 40 விழுக்காடு. வலிதான், ஆனால் பணம் இருந்தால் வண்டி வந்துவிடும். இலங்கையிலோ 2020-இல் வாகன இறக்குமதியே நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. 2022 நெருக்கடியில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர் பெட்ரோல். அந்தக் கணக்கில் நிஞ்ஜாவின் டேங்கை ஒருமுறை நிரப்பவே ஐந்து வாரம் ஆகியிருக்கும்.

வண்டியைத் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளும் ஆசைக்கு மட்டும் எல்லை இல்லை. சென்னைக்காரருக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும், கொழும்புக்காரருக்குப் பஞ்சிகாவத்தை. இந்தியாவில் விற்கும் பைக்கின் பின்சக்கரத்தில் பின்னால் அமர்பவரின் உடை சிக்காதபடி மறைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. புது வண்டி வீட்டுக்கு வந்ததும் பலர் முதலில் கழற்றுவது அந்தப் புடவைக் காப்பைத்தான்! அடுத்தது சைலன்சர். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சுட்டி, தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

உண்மையில் இந்தக் கடற்கரைக்கு வேண்டிய மாற்றங்கள் சத்தமில்லாதவை. உப்புக்காற்றில் செயின் துருப்பிடிக்காமல் அடிக்கடி துடைத்து எண்ணெய் விடுவது, வேகத்தடையில் அடிவயிறு உரசாதபடி சஸ்பென்ஷனைச் சரிசெய்வது, முதுகு நோகாத சீட், நல்ல டயர். இவற்றுக்காக யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பதே இவற்றின் குறை.

கட்டாயத்தில் பிறந்த மாற்றம் எப்படி இருக்கும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1990-களில் பெட்ரோலுக்குத் தடை இருந்த குடாநாட்டில், சில துளி பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அப்படி ஓடிய ஹோண்டா எம்டி 90-க்கு அங்கே இன்றும் இருக்கும் மரியாதை, இங்கே எந்த 1000 சிசிக்கும் கிடைக்காது.

வேகத்தை எங்கே காட்டுவது? இலங்கையில் மோட்டார் பந்தயம் பெரும்பாலும் மண்தடத்தில், தியத்தலாவ ஃபாக்ஸ் ஹில் போல இராணுவம் நடத்தும் களங்களில். ஆபத்து அங்கும் உண்டு: 2024 ஏப்ரலில் அதே இடத்தில் பந்தயக் கார் தடம் மாறி ஏழு பேர் இறந்தார்கள். செங்கல்பட்டுக்காரருக்கோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடமே எட்டும் தூரத்தில் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளும் அங்கே நடக்கின்றன. ஆனாலும் 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் ஹயபூசாவின் முன்சக்கரத்தைத் தூக்கிச் சாகசம் காட்டி விழுந்தார் ஒரு யூடியூபர். அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுக்குப் பறிபோனது.

அந்த உரிமத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். பதினெட்டு வயதில் 100 சிசி வண்டியில் எட்டு போட்டுக் காட்டி வாங்கும் அதே உரிமத்தில், மறுநாளே 190 குதிரைத்திறன் ஹயபூசாவை ஓட்டலாம். இந்தியச் சட்டம் தடுக்காது. இலங்கை உரிமத்தில் 100 சிசியோடு ஒரு படி உண்டு, 450 சிசிக்கு மேல் எஞ்சினுக்கே பூட்டு. பூட்டுவது சோம்பேறித்தனம். திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது அதைவிட மோசம். ஐரோப்பாவில் ஏ2 உரிமம் பெற்ற புதியவர் ஓட்டக்கூடிய உச்ச வரம்பு 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத்திறன். சிங்கப்பெருமாள்கோவிலில் திரும்பினால் வரும் ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு, தன் 650 சிசி இன்டர்செப்டருக்குத் தந்திருப்பதும் அதே 47 குதிரைத்திறன்தான். ஐரோப்பியரின் உரிமப் படிக்குப் பொருந்த வண்டி செய்யத் தெரிந்த நாடு, அந்தப் படியைத் தன் உரிமத்திலும் வைக்கட்டும்.