ஒளி காட்டிய நகரும் மண் உரைக்கும் காலமும்

கம்போடியாவின் அங்கோர்க் கோயில்கள் கல்லாலானவை, நின்றன. மக்கள் மனைகளோ மரத்தாலானவை, மக்கி மறைந்தன. 2012ஆம் ஆண்டிலே ஹெலிகொப்டரிலிருந்து பாய்ச்சப்பட்ட லேசர் ஒளி, இலைகளின் இடைவெளியூடே நிலத்தைத் தொட்டு மீண்டு, கணினிவழி நிலப்படமாயிற்று. கல்வெட்டுக் கூறும் மகேந்திரபர்வதத்தின் வீதிகள் குலேன் மலையிலும், ஒழுங்குற அமைந்த மனைமேடுகளும் குளங்களும் அங்கோர் வாட் மதிலகத்துள்ளும் புலப்பட்டன. கோயிலை மட்டுமே நோக்கிய கண்ணுக்கு ஊரையுங் காட்டியமை அக்கருவியின் பெருஞ்சிறப்பாகும்.

எனினும், பல நூற்றாண்டுச் சுவடுகளை ஒரே தளத்திற் காட்டும் அப்படம், முந்தியது எது, பிந்தியது எது என எளிதிற் பகுத்துரையாது. 2015இல் அம்மேடுகளுள் ஒன்றை அகழ்ந்தபோது கிடைத்த மட்கலவோடும் கரியுமே அங்கு வாழ்ந்தோரின் காலத்தை உணர்த்தின. ஆதலின், படத்தைக் கண்டதும் நகரை அறிந்தோம் என்பார் கூற்று பொருந்தாது. படம் வினாவை எழுப்பும். விடையை மண்ணே தரவேண்டும்.