வெளிமுகமை: ஒரு சொல்லை வாசித்தல்

அரசாணைத் தமிழில் ‘வெளிமுகமை’ என்றொரு சொல் புழங்குகிறது. அவுட்சோர்சிங்குக்கு வைத்த பெயர். பார்க்க அப்பாவியான சொல்தான். யாருக்கு வெளி என்று கேட்டால்தான் தடுமாற ஆரம்பிக்கிறது.

பௌர்ணமிக்கு மறுநாள் விடியலில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்து பாருங்கள். 14 கிலோமீட்டரும் அன்னதானத் தட்டு, தண்ணீர் பாட்டில், கற்பூரக் கரி. அதைக் கூட்டுகிறவர் ஊருக்கு உள்ளேதான் நிற்கிறார், கோபுரத்துக்கு எதிரிலேயே நிற்கிறார். சம்பளப் பட்டியலில் மட்டும் வெளியாள். ஊர், சேரி என்று பிரித்த பழைய ‘வெளி’ மண்ணில் இருந்தது. இது காகிதத்தில் இருக்கிறது. துடைப்பம் பிடிக்கிற கை பெரும்பாலும் அதே கைதான் என்பதை எந்த டெண்டரும் எழுதாது. (நம் எழுத்தாளர்களும் எழுதுவதில்லை. நமக்கு மலையும் நிலாவும் சித்தர்களும் போதும்.)

நிறுவனச் சந்தை என்பார்கள். வாங்குகிறவர் தனி ஆள் அல்ல. மருத்துவமனை, பல்கலைக்கழகம், மாநகராட்சி. 2025 மே மாத மதிப்பீட்டில் நாட்டின் வளர்ச்சி 9.2 சதவீதத்திலிருந்து 6.5க்கு இறங்கியது. கடைவீதியில் வியாபாரம் படுத்தால் கம்பெனிகள் அரசாங்க வாசலுக்கு வருகின்றன, குப்பை மட்டும் குறையாது என்பதால். அரசாங்கமோ பென்ஷன் தரவேண்டிய ஆளைக் குறைக்கப் பார்க்கிறது. இரண்டு பேரும் கைகுலுக்குகிற இடம்தான் டெண்டர்.

அந்தப் பிரதியைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்கலாம். குறைந்த விலை கேட்டவனுக்கு வேலை என்பது விதி. இங்கே விற்பனைக்கு வருவது பெரும்பாலும் உழைப்புதான். குறைந்தபட்சக் கூலி, வைப்புநிதி, இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம் எல்லாம் சட்டம் போட்ட கணக்கு; யார் வந்தாலும் ஒன்றுதான். அப்புறம் குறைந்த விலை எங்கிருந்து முளைக்கும்? ஆளைக் குறைக்கணும், லீவைக் குறைக்கணும், கையுறையைக் குறைக்கணும், இல்லாவிட்டால் பி.எஃப். பணத்தில் கை வைக்கணும். ஆகவே திருட்டு என்பது ஒப்பந்தத்தை மீறுவதல்ல. ஒப்பந்தத்தின் இலக்கணமே அதற்கு இடம் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

சென்னையில் 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தது இதற்காகத்தான். பத்து வருஷத்துக்கு மேல் மாநகராட்சிக்குக் கூட்டியவர்களும் அதில் இருந்தார்கள். தனியாரிடம் போனால் நாள் கூலி 753 ரூபாயிலிருந்து 565 ரூபாய்க்கு விழும் என்றார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு அறிவித்த சலுகைகளில் ஒன்று இலவசக் காலை உணவு. வேலையைக் கேட்டவருக்கு இட்லி! பெயர் விஷயத்திலும் இதே கதைதான். ‘துப்புரவு’ போய்த் ‘தூய்மை’ வந்தது, பணி நிரந்தரம் வரவில்லை.

சட்டத்தின் சொல்லாடலும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1970இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ‘இது நிரந்தரத் தன்மையுள்ள வேலையா?’ என்று கேட்டது. ஒப்பந்த முறையை ஒழித்தால் ஆட்களை நிறுவனமே ஏற்கவேண்டும் என்று 1996இல் ஏர் இந்தியா வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அதைத் திருப்பிக்கொண்டது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பின் கேள்வி வேறு: ‘இது மையப் பணியா?’ கூட்டுவதும் குப்பை அள்ளுவதும் மையப் பணி அல்லவாம், நிறுவனம் அதற்காகவே அமைக்கப்பட்டிருந்தால் தவிர. மாநகராட்சி வேறு எதற்காக அமைக்கப்பட்டது என்று வழக்காடலாம். ஆனால் அடுத்த கதவும் திறந்தே கிடக்கிறது: வழக்கமாக ஒப்பந்தக்காரர் மூலம் நடக்கிற வேலையென்றால் மையப் பணிக்கும் ஒப்பந்த ஆள் வைக்கலாம். முன்பு செய்த தப்பே இனி அனுமதிச் சீட்டு. ஒப்பந்தக்காரரிடம் 20 பேர் இருந்தாலே பொருந்திய சட்டம், இப்போது 50 பேர் இருந்தால்தான் பொருந்தும்.

திருவண்ணாமலை 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி மிச்சத்தை வெளிமுகமைக்கு விட்ட அரசாணை 152, 2022 அக்டோபரிலேயே வந்துவிட்டது. தரம் உயர்ந்ததற்கு இங்கே பட்டாசு வெடித்தவர்கள் அந்த ஆணையைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த பௌர்ணமிக்கு வருகிறவர்கள், கூட்டுகிறவரின் சட்டை முதுகில் என்ன பேர் அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். போன டெண்டரில் அதே முதுகில் வேறு பேர் இருந்திருக்கலாம்.