வாக்குச் சீட்டின் கீழ்ப்பாதி

2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தலில் பதுளை மாவட்டத்து முடிவை எடுத்துப் பாருங்கள். மைத்திரிபால சிறிசேனவுக்கு 249,524 வாக்குகள். மகிந்த ராஜபக்சவுக்கு 249,243. வித்தியாசம் 281. ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் போட்ட புள்ளடிகளின் முடிவில், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் சிலவற்றில் இருக்கும் ஆட்களின் அளவுக்கு ஒரு மிச்சம்.

அந்தத் தேர்தலுக்குப் பத்து வாரங்களுக்கு முன்புதான், 2014 ஒக்டோபர் 29 காலையில், இதே மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பிரிவில் கொஸ்லாந்தைக்குப் பக்கத்து மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்தன. லயத்தோடு அதற்குள் இருந்த தாள்களும் போயின. தேர்தல் வந்தபோது தப்பிய குடும்பங்கள் இன்னும் முகாமில்தான். 281 என்ற அந்த எண்ணைப் படிக்கும்போது, அதில் இந்த மலைப்பக்கத்து வாக்குகள் எத்தனை என்று மனம் தேடத்தான் செய்யும். தேடியும் பயனில்லை. எந்த லயத்து வாக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்று தோட்டத் துரைக்கும் தெரியாது, சங்கத் தலைவருக்கும் தெரியாது. இரகசிய வாக்கெடுப்பின் முதல் நயம் அதுதான்.

இரண்டாவது நயம் அந்த 281-இன் எடையில் இருக்கிறது. இதேபோல் ஒரு சின்ன எண்ணை உலகமே 2000-ஆம் ஆண்டில் உற்றுப் பார்த்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஜோர்ஜ் புஷ், அல் கோரைவிட 537 வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். அங்கே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது மக்களின் மொத்த வாக்கு அல்ல. மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்ட 538 தேர்வாளர் வாக்குகள். மேய்ன், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாநிலங்கள் தவிர மற்ற எல்லா இடங்களிலும் மாநிலத்தில் முந்தியவருக்கே அத்தனையும். ஆக 537 என்பது 25 ஆகி, அந்த 25 ஒரு ஜனாதிபதியை ஆக்கியது. நாடு முழுவதும் ஐந்து இலட்சத்துக்கு மேல் கூடுதலாக வாங்கியிருந்த கோர் வீட்டுக்குப் போனார். பதுளையின் 281 அப்படி ஊதிப் பெருகவில்லை. இலங்கை முழுவதும் ஒரே தொகுதி என்பதால், தேசியக் கணக்கில் சிறிசேன முந்திய 449,072-க்குள் அது வெறும் 281 ஆகவே போய்ச் சேர்ந்தது. மாவட்ட எல்லையைத் தாண்டும்போது ஒரு வாக்கு பெருக்கவும் இல்லை, சிறுக்கவும் இல்லை.

ஆனால் பதுளையின் தோட்டத்து ஆட்கள் தங்கள் கைவண்ணத்தைக் காட்டுவது ஜனாதிபதித் தேர்தலில் அல்ல, பாராளுமன்றத் தேர்தலில். அந்த வாக்குச் சீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேல்பாதியில் கட்சிகள், சுயேச்சைக் குழுக்கள்: மூன்று மொழியில் பெயர், பக்கத்தில் சின்னம், அதற்கு எதிரே ஒரு வெற்றுக் கட்டம். கீழ்ப்பாதியில் பெயரே கிடையாது. வரிசையாக எண்கள் மட்டும். 2024-இல் பதுளைக்கு ஒன்பது ஆசனங்கள். ஆசனத்தோடு மூன்றைக் கூட்டி ஒவ்வொரு கட்சியும் பன்னிரண்டு பேரை நிறுத்தியது. ஆகவே கீழே பன்னிரண்டு எண்கள். மேலே ஒரு கட்சிக்குப் புள்ளடி. பிறகு, விரும்பினால், அந்தக் கட்சியின் ஆட்களில் மூன்று பேர்வரை அவர்களுடைய எண்ணின் மேல் புள்ளடி. அதுவே விருப்பு வாக்கு.

தேர்தலுக்கு முந்தைய வாரம் மாதிரி வாக்குச் சீட்டை வைத்துக்கொண்டு லயத்து வாசலில் ஒரு பிள்ளை நடத்தும் பாடம் தனி ரகம். "அம்மாயி, மேல சின்னத்துக்கு ஒன்னே ஒன்னு. ரெண்டு சின்னத்துல போட்டீங்கன்னா செல்லாது. கீழ மூணு நம்பர். நாலாவதுல கை வச்சிறாதீங்க." அம்மாயி எண்களை விரல் கணுக்களில் ஏற்றிக்கொள்கிறார். பாடத்தில் ஒரு தவறும் இல்லை. மேலே இரண்டு கட்சிக்குப் புள்ளடி விழுந்தால் சீட்டே போச்சு. மேலே சரியாகப் போட்டு, கீழே மூன்றுக்கு மேல் போனால் கட்சி வாக்கு தங்கும், விருப்பு வாக்கு மட்டும் வீணாகும். மேலே ஒன்றும் போடாமல் கீழே மட்டும் போட்டால் எதுவுமே தங்காது. தேர்தல் சட்டத்தின் ஒரு முழு அத்தியாயத்தை அந்தப் பிள்ளை நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறது.

ஒரே தாளில் இரண்டு கேள்விகள்: எந்தக் கட்சி, அந்தக் கட்சிக்குள் யார். அமெரிக்கர்கள் இந்த இரண்டையும் வெவ்வேறு நாளில் கேட்கிறார்கள். கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முதனிலைத் தேர்தலில் மக்களே முன்கூட்டித் தீர்மானிக்கிறார்கள். பல மாநிலங்களில் அதற்கு எந்தக் கட்சிக்காரர் என்று முதலே பதிந்திருக்கவும் வேண்டும். பிறகு நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் கட்சிகள் மோதுகின்றன. நம் சீட்டில் இரண்டு போட்டியும் ஒரே மறைப்புக்குள், ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். எண்ணும்போது மட்டும்தான் பிரிகின்றன. முதலில் கட்சிக் கணக்கு வரும், ஆட்களின் கணக்கு பின்னால் வரும். கட்சி வென்ற செய்தி கேட்ட பிறகும் தோட்டத்தில் தொலைக்காட்சியை அணைக்காமல் காத்திருப்பது அதற்காகத்தான்.

அந்தக் காத்திருப்புக்குப் பலன் இருந்திருக்கிறது. பதுளை மாவட்டத்தில் மலையகத் தமிழர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தனியாக ஒரு கட்சியை வெல்ல வைக்க அந்தத் தொகை போதாது. ஆனால் பெரிய கட்சி ஒன்றுக்குள் தமக்கு வேண்டியவரை மேலே தூக்கிவிடப் போதும். சூட்சுமம் இதுதான்: மற்ற வாக்காளர்களின் விருப்பு வாக்குகள் ஊருக்கு ஒருவராக, தொகுதிக்கு ஒருவராகப் பல எண்களில் பிரிந்துபோகும். கீழே ஒன்றுமே போடாமல் சீட்டை மடிப்பவர்களும் உண்டு. தோட்டத்து வாக்குகள் சிதறாமல் இரண்டு மூன்று எண்களிலேயே விழுந்தால், பட்டியலில் அந்த எண்கள் ஏறிவிடும். 2015-இல் யானைச் சின்னத்தில் வடிவேல் சுரேசும் அரவிந்தகுமாரும் தெரிவானார்கள். 2020-இல் தொலைபேசிச் சின்னத்தில் அதே இருவர். 2024-இல் திசைகாட்டியில் கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல். மூன்று தேர்தல், மூன்று சின்னம், ஒவ்வொரு முறையும் இரண்டு பேர். மேல்பாதியில் நாட்டின் காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கம் சாய்ந்த ஆண்டுகளும் உண்டு, சாயாத ஆண்டும் உண்டு. கீழ்ப்பாதியில் கணக்குப் பிசகவில்லை. அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவின் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றத்துக்குப் போன முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள் என்பது அந்தக் கணக்குக்குக் கிடைத்த தனிச் சிறப்பு.

சின்னங்களிலும் ஒரு சுவை இருக்கிறது. அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்கு யானை. தோமஸ் நாஸ்ட் என்ற கேலிச்சித்திரக்காரர் 1874-இல் வரைந்ததிலிருந்து ஒட்டிக்கொண்டது. இன்று அது கொடியிலும் சட்டைப் பொத்தானிலும் வாழ்கிறது. பெரும்பாலான வாக்குச் சீட்டுகளில் அதற்கு இடமில்லை. நம்மூர் ஐக்கிய தேசியக் கட்சியின் யானைக்கு வாழ்க்கையே வாக்குச் சீட்டில்தான். எழுத்துத் தெரியாதவரும் தடுமாறாமல் புள்ளடி போட வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. தோட்டத்துக்கென்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் சேவல் இருக்கிறது. அந்தச் சேவல் சில தேர்தல்களில் சீட்டில் தானே நிற்கும். சில தேர்தல்களில் அதன் ஆட்கள் பெரிய கட்சியின் சின்னத்துக்குக் கீழே எண்களாகி நிற்பார்கள். இன்னொரு விசித்திரம், தொழிற்சங்கமும் கட்சியும் இங்கே ஒரே கூரைக்குள். சம்பளத்தில் மாதாமாதம் சந்தா பிடிக்கும் சங்கம்தான் தேர்தல் காலத்தில் கட்சியாக வாசலுக்கு வருகிறது. சந்தா ஒரு சங்கத்துக்கும் புள்ளடி வேறொரு சின்னத்துக்கும் போன வீடுகள் எத்தனை என்பதையும் அந்த மறைப்பு காப்பாற்றித் தருகிறது.

வாக்களிப்பு நிலையத்தில் இடக்கை விரலில் மை வைப்பார்கள். கொழுந்து எடுத்துக் காய்த்துப்போன விரலில் தேயிலைக் கறை ஏற்கெனவே கறுப்பாக ஊறியிருக்கும். அதன் மேல் அரசாங்கத்தின் மை. முன்னது உழைத்ததற்கு, பின்னது உரிமைக்கு. இரண்டும் சோப்புக்கு அசையாது.

இந்த உரிமை ஒருமுறை கையில் இருந்து பறிபோனது என்பதால்தான் இவ்வளவு கவனம். 1931-இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் நின்று, தொண்டமான் நுவரெலியாவிலும் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும் வென்றார்கள். அடுத்த ஆண்டே 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் வாசகம் வெகு நேர்த்தி. எந்த இனத்தின் பெயரும் இல்லை. இங்கே பிறந்தவரானால் தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவே அரிதாக இருந்த லயத்தில் பூட்டனின் தாளுக்கு எங்கே போவது? 1949-இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, 1952 தேர்தலில் பெரும்பாலான தோட்டத்து ஆட்கள் வாக்கில்லாமல் நின்றார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களும் இதே நேர்த்தியைக் கையாண்டன. அங்கும் கறுப்பர் என்று எழுதவில்லை. எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி என்று எழுதினார்கள். 1870-இல் அரசியலமைப்பு கொடுத்த வாக்கைக் கறுப்பர் கைக்குக் கொண்டுவர 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வேண்டியிருந்தது. இங்கே 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1988-இன் சட்டம், 2003-இன் சட்டம் என்று தவணை தவணையாக வந்தது.

வந்த பிறகும் ஒரு பூட்டு மிச்சம் இருந்தது. 1987-இன் பிரதேச சபைச் சட்டப்படி, சபைக்குத் தோட்டத்து ஆள் வாக்களிக்கலாம். ஆனால் சபையால் தன் பணத்தைத் தோட்டத்து வீதிக்கும் தண்ணீருக்கும் தாராளமாகச் செலவிட முடியவில்லை. அந்தத் தடையை நீக்கிய திருத்தம் 2018-இல்தான் நிறைவேறியது. மீரியபெத்த லயங்கள் சரிந்தபோது அது இன்னும் வரவில்லை. வாக்கு இருப்பது வேறு, வாக்கு வேலை செய்வது வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

தேர்தல் முறையை மாற்ற வேண்டும் என்ற பேச்சு கொழும்பில் ஓய்ந்ததே இல்லை. விருப்பு வாக்கை ஒழிப்பதுதான் அதில் முதல் யோசனையாக வரும். குறை சொல்கிறவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரே கட்சிக்காரர்கள் ஒருவர் போஸ்டரை ஒருவர் கிழிப்பதும், மாவட்டம் முழுக்க ஆளுக்கொரு பிரசாரம் நடத்தப் பணத்தைக் கொட்டுவதும் அந்தக் கீழ்ப்பாதியால் வந்த வினைதான். ஆனால் திருத்த எண்ணுகிறவர்கள் தங்கள் கணக்கைக் கொழும்பில் போடாமல் பதுளையில் போட்டுப் பார்க்கட்டும். ஒன்பது தொகுதிகளிலும் சிதறி வாழும் ஐந்தில் ஒரு பங்கினர், தங்களுக்கென்று ஒரு கட்சியும் தேவைப்படாமல், ஒரு தொகுதியும் தேவைப்படாமல், மூன்று எண்களின் மேல் போட்ட புள்ளடியால் இரண்டு ஆசனங்களை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். கீழ்ப்பாதியை வெட்டி எடுக்கும் சட்டமூலம் எதுவானாலும், அந்த இரண்டு ஆசனத்துக்கு மாற்று வழி என்ன என்பதையும் அதே தாளில் எழுதியிருக்க வேண்டும்.