கதார்சிசு: மருத்துவப் பொருள்கோளின் போதாமை

துன்பியல் நாடகம் இரக்கம், அச்சம் ஆகியவற்றின் வழியே அவ்வுணர்ச்சிகளின் கதார்சிசை நிகழ்த்துகிறது என்று கவிதையியலின் ஆறாம் இயலில் அரிஸ்டாட்டில் வரையறுக்கிறார். சொல்லுக்கு விளக்கம் தரவில்லை. அரசியல் என்னும் நூலின் எட்டாம் பகுதியில் அவர் வாக்களித்த விளக்கமும் கிடைத்துள்ள கவிதையியலில் இல்லை. 1857இல் யாக்கோப் பெர்னாய்சு இதற்கு மருத்துவப் பொருள் கண்டார்: உடல் கழிவை நீக்குவதுபோல் மனம் உணர்ச்சியை நீக்குகிறது. அரசியலில் வரும் மருத்துவ ஒப்புமை இதற்கு அரணே. ஆயினும், கவிதை உணர்ச்சிக்கு நீரூற்றி வளர்க்கிறது என்று குடியரசின் பத்தாம் பகுதியில் பிளேட்டோ சாட்டிய குற்றத்தை இவ்வுரை பாதி ஒப்புக்கொண்டுவிடுகிறது. அரிஸ்டாட்டிலின் அறவியலோ உரிய பொழுதில், உரிய அளவில் அஞ்சுவதையும் இரங்குவதையும் நற்பண்பின்பாற் சேர்க்கிறது. தகாத துன்பம் கண்டே இரக்கம் பிறக்கும் என்பது கவிதையியலின் பதின்மூன்றாம் இயல். தகாதது எனத் தெளியாமல் இரங்க இயலாது. ஈடிபசுக்காகக் கலங்குபவர் ஒரு தீர்ப்பும் வழங்குகிறார். அத்தீர்ப்புக்குப் பெர்னாய்சின் உரையில் இடமில்லை.