பாட்டுக்கும் வேண்டும் இஸ்னாது

பக்தாதில் ஆட்சி புரிந்த கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் (786–809) தம் அவைக் கலைஞர்களிடம் ஒரு பணியை ஒப்படைத்தார். அதுநாள்வரை வழங்கிவந்த பாட்டுகளுள் சிறந்த நூறைத் தேர்ந்து தரவேண்டும். அந்த நூறிலும் மிகச் சிறந்தவை மூன்றைக் காட்டவேண்டும். இப்ராஹீம் அல்மவ்ஸிலி, இஸ்மாயீல் இப்னு ஜாமிஉ, ஃபுலைஹ் ஆகிய மூவரும் கூடி அதனைச் செய்தனர். "இப்போது எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று இசையன்பர்கள் ஒருவரையொருவர் வினவிக்கொள்கிறார்களே, அந்த வினாவின் அரண்மனை வடிவம் இது. பிற்காலத்தில் கலீஃபா அல்வாஸிக் பொருட்டு இப்ராஹீமின் மகனார் இஸ்ஹாக் இப்பட்டியலைத் திருத்தியமைத்தார். அதனை அடித்தளமாகக் கொண்டு, பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ எழுதிய பெருநூலே 'கிதாபுல் அகானீ'. பாடல்களின் நூல் என்பது அதன் பொருள். இன்றைய அச்சுப் பதிப்புகளில் இருபதுக்கும் மேற்பட்ட பாகங்களாக அது விரிகிறது.

மதுவும் களியாட்டமும் பற்றிய கதைகள் அதில் மலிந்து கிடப்பதால், மார்க்கப் பற்றுமிக்க பெரியோர் சிலர் அந்நூலைக் கடிந்துரைத்ததும் உண்டு. குடும்பத்தார் நடுவே உரக்கப் படிக்கத்தக்க நூலன்று அது; அதனை ஒளிப்பானேன்? ஆயினும் அந்நூலாசிரியர் கைக்கொண்ட ஒழுங்கு நம்மை வெட்கமுறச் செய்வதாகும். ஒரு பாட்டைக் குறிப்பிட்டால் அவர் அத்தோடு நில்லார். கவிதை யாருடையது, அதற்கு மெட்டமைத்தவர் யார், அதன் தாளம் எது, ஊதின் எந்த நரம்பில் எந்த விரல் பட்டு அப்பண் பிறக்கிறது என்றெல்லாம் குறிப்பார். பிறகு, இச்செய்தியைத் தமக்கு உரைத்தவர் யார், அவருக்கு உரைத்தவர் யார் என்று ஹதீஸ் கலை வல்லுநர்களைப் போன்றே அறிவிப்பாளர் வரிசையையும் நிரலே தருவார். ஹதீஸுக்கு மத்னு எவ்வளவு இன்றியமையாததோ, இஸ்னாதும் அவ்வளவு இன்றியமையாதது என்பதை நம் மத்ரஸா மாணவர்களும் அறிவர். அந்த ஒழுங்கை ஒருவர் பாட்டுக்கும் பொருத்தினார் என்பதே நாம் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி.

இதில் ஒரு துயரமும் உண்டு. அந்த மெட்டுகளுள் ஒன்றையேனும் இன்று நாம் கேட்க இயலாது. நரம்பும் விரலும் தாளமும் சொல்லப்பட்டனவேயன்றி, சுரங்கள் வரிசையாக எழுதி வைக்கப்படவில்லை. ஒலி போயிற்று, பெயர் நின்றது. நம் தமிழிலும் இத்தகைய இழப்பு நேர்ந்ததுண்டு. சங்கத் தொகை நூல்களுள் ஒன்றான பரிபாடலில், பாடலை இயற்றிய புலவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. பெட்டநாகனார் முதலிய இசைவாணர்களை நாம் அறிவது அக்குறிப்புகளால்தான். அவர்கள் வகுத்த இசையோ காற்றோடு கலந்துவிட்டது.

நம் காலத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. ஒலி நிற்கிறது, பெயர் போகிறது.

இசைமுரசு நாகூர் ஹனிபா (1925–2015) அவர்களின் குரல் ஒலிக்காத தமிழ் முஸ்லிம் இல்லம் ஏது? இசைத்தட்டிலும், பின்னர் ஒலிநாடாவிலும், இன்று கைப்பேசியிலும் அக்குரல் தொடர்கிறது. ரமலான் பிறை கண்ட இரவில் வாட்ஸ்அப் வழியாக வரும் பாட்டுகளுள் பாதிக்கு மேல் அவருடையவையே. அனுப்புகிறவர் "ஹனிபா பாட்டு, கேளுங்கள்" என்று ஒரு வரி எழுதுவார். பெறுகிறவர் "மாஷா அல்லாஹ்" என்பார். பரிமாற்றம் அத்துடன் முடிந்தது. 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாடலைச் சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் அறிவர். அதனை எழுதியவர் கிளியனூர் அப்துல் சலாம் என்பதைச் சொல்லக்கூடியவர் நூற்றில் எத்தனை பேர்? நாகூர் சலீம், புலவர் ஆபிதீன் போன்றோர் எழுதிய வரிகளையும் அக்குரலே ஊர்தோறும் கொண்டு சென்றது. கொண்டு சென்ற குரலுக்குரிய பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. அத்தகைய குரல் வாய்க்காதிருந்தால் அவ்வரிகளுள் பல கையெழுத்துப் படியாகவே செல்லரித்துப் போயிருக்கும். ஆயினும் அறிவிப்பவரையே ஆக்கியவராகக் கொள்வது எவ்வகை நியாயம்?

"பெயரில் என்ன இருக்கிறது, பொருளன்றோ வேண்டுவது?" என்று கேட்பாரும் உளர். அவர்கள் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. நம் பாட்டிமார் பாடிய தாலாட்டுகளும், பெண்கள் கூடியமர்ந்து ஓதிய முனாஜாத்துகள் சிலவும் எவர் இயற்றியவை என்று அறியப்படாமலே தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கின்றன. தம் பெயரை மறைத்துக்கொள்வதை இக்லாஸ் எனக் கருதிய கவிஞர்களும் இருந்திருப்பர். அத்தகைய பாடல்களுக்குப் பெயரின்மை ஓர் அழகு என்றே சொல்லலாம். ஆனால், தானாக மறைந்தவர் வேறு. நாம் மறைத்தவர் வேறு. பாட்டெழுதிச் சிறு தொகை பெற்று, குடும்பம் நடத்திய ஒரு புலவரின் பெயரை, கேட்கிற நாம் சோம்பலால் கைவிடுவதற்குத் துறவு என்று பெயர் சூட்டலாகாது.

உருதுக் கஸல் கவிஞர்கள் இவ்வாபத்தை முன்னுணர்ந்தவர் போலும்! கடைசி ஈரடியில் தம் புனைபெயரைப் பொதிந்து வைத்தனர். பாடுகிறவன் அதனை விட்டுவிட்டால் பாட்டே முடியாது. நம் மேடைப் பாடல்களில் பெரும்பாலும் அந்தக் காப்பு இல்லை.

மெட்டைப் பற்றிய பேச்சு இன்னும் சிக்கலானது. இசுலாமியத் தமிழ்ப் பாடல்களுள் ஒரு பகுதி, இந்தித் திரைப்படப் பாடல்களின் மெட்டில் அமைந்தவை என்பது யாவரும் அறிந்ததே. இதனைச் சிலர் இழிவென்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மக்கள் நாவில் ஏற்கெனவே குடியேறிய மெட்டில் நல்ல சொற்களை ஏற்றி அனுப்புவது காலங்காலமாக நடந்துவரும் உத்தி. ஆனால் முன்னோர் அதனை மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களில், ஒவ்வொரு பாட்டின் தலைமேலும் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சிட்டிருப்பார்கள். மட்டமான தாளில், எழுத்துப் பிழைகள் மலிந்த அந்தக் குஜிலிப் புத்தகத்துக்கு இருந்த நாணயம், இலட்சம் பேருக்கு ஒரு நொடியில் பாட்டை அனுப்பும் கருவிக்கு இல்லாமற் போயிற்றே!

இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நேயர் விருப்ப நிகழ்ச்சிகள் நினைவிருக்கும். பாட்டைக் கேட்க விரும்பியவர்களின் பெயர்கள் ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக வாசிக்கப்படும். பொறுமை இழக்கும் தறுவாயில்தான் பாட்டு தொடங்கும். அஞ்சலட்டை எழுதிப் போட்டு, தம் பெயர் வருமா என்று வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். அப்பட்டியலைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆயினும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் இன்னின்னார் கேட்கிறார்கள் என்ற உணர்வை அது தந்தது. கேட்பதற்கு ஒரு கூட்டுறவு உண்டு என்பதை அந்த அஞ்சலட்டைகள் அறிந்திருந்தன.

இதனையே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் ஸமாஉ பற்றிய பகுதியில் ஆழமாக ஆராய்கிறார்கள். இசை கேட்பது கூடுமா கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நாம் அறிவோம். அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. கூடுமெனக் கொள்வோருக்கும் ஹஜ்ரத் ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்கள் விதித்ததாகச் சொல்லப்படும் மூன்று நிபந்தனைகளை இமாமவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்: காலம், இடம், உடனிருக்கும் தோழர்கள். இம்மூன்றும் பொருந்தாவிடில் கேளாதிருத்தல் நலம். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் பழக்கத்தைப் பார்ப்போம். மரண வீட்டு வாசலில் நிற்பவரின் சட்டைப் பையில் கல்யாணப் பாட்டு வந்து விழுகிறது. நெரிசல் மிகுந்த பேருந்தில் ஒருவர் முனாஜாத்தை உரக்க ஒலிக்கவிட்டு, பயணச்சீட்டுக்குச் சில்லறை எண்ணுகிறார். தோழர்கள் யார் என்பதோ, அனுப்பியவருக்கே தெரியாது; தம் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அவர் அனுப்பியிருக்கிறார்.

பாட்டை ஒருவருக்கென்று தேர்ந்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் மறந்துவிடவில்லை. பழைய இசைத்தட்டின் முகப்பைப் படம் பிடித்து, அதில் அச்சாகியிருப்பதைப் படித்துச் சொல்லி, எழுதியவர் பெயர் தட்டில் இல்லையெனில் மூத்தவர் யாரையேனும் விசாரித்துக் கண்டறிந்து, அதன் பின்னரே பாட்டை அனுப்புவோர் அவர்கள். எண்ணிக்கையில் சிலரே. இவர்களுள் இருவர் ஒரே பாட்டுக்கு இருவேறு ஆசிரியர்களைச் சொல்லி வாதிடும்போது, நான் மிக்க மகிழ்ச்சியுடன் கேட்டுக்கொண்டிருப்பேன். ஹதீஸ் கலையில் அறியப்படாத அறிவிப்பாளரை 'மஜ்ஹூல்' என்று வெளிப்படையாகவே குறித்துவிடுவர். ஊகித்து ஒரு பெயரை இட்டு நிரப்பமாட்டார்கள். எழுதியவர் தெரியவில்லை என்று பாட்டின் கீழே ஒரு சொல் எழுதி அனுப்புவது அவ்வளவு கடினமா?

அபுல் ஃபரஜும் இதில் தயங்கியதில்லை. ஒரே கவிதைக்குப் பலர் மெட்டமைத்திருந்தால் அத்தனை பேரையும் சொல்லுவார். ஒரு மெட்டு இவருடையதென்று ஒருவரும், இல்லை அவருடையதென்று மற்றொருவரும் அறிவித்திருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, அறிவித்தோர் பெயர்களையும் கூறிவிட்டு, அடுத்த பாட்டுக்குச் சென்றுவிடுவார்.