உழைத்த பொருளின் அழகு

நல்ல மங்கு எது என்று அறிய அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். கித்தா (ரப்பர்) மரத்தில் கம்பி வளையத்துக்குள் உட்கார்ந்து பால் ஏந்திய பீங்கான் கோப்பை அது. மேசையில் நிற்பதற்காகச் செய்ததல்ல என்பதால் அடி குறுகியிருக்கும். உட்புறம் வழவழப்பாக இருக்கும். உறைந்துபோன கட்டிப்பாலை ஒரே இழுப்பில் உரித்து, துடைத்து, மறுபடி மாட்ட அந்த மெருகு வேண்டும். வெளிப்புறத்தில் கம்பி உராய்ந்த தடம் மங்கலாகத் தெரியும். இந்த மூன்றும் இருந்தால் அது வேலை பார்த்த மங்கு. தடமே இல்லாமல் பளபளத்தால், காட்டுக்குள் போகாமல் கடைக்கு வந்த மங்கு.

மலாக்காவில் இப்போது மங்குக்கு மறுவாழ்வு. ஒன்றில் கள்ளிச்செடி நிற்கிறது, இன்னொன்றில் தீபாவளிக்கு மெழுகு ஊற்றித் திரி வைக்கிறார்கள், மற்றொன்று கோப்பிக் கடையில் சீனி ஏந்துகிறது. அதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1896-ல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டமாகச் சொல்லப்படுவது அதுதான். அடுத்து ஆசகானில் பெரிய தோட்டம் எழுந்தது. பிறகு ஜாசினிலும் அலோர் காஜாவிலும் நிரை நிரையாகக் கித்தாக் காடு, காட்டோரம் தொழிலாளர் லயங்கள், லயங்களில் நம்மவர்கள். செம்பனை வந்து கித்தாவைத் தள்ளியது. பீங்கான் மங்கு இருந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் வந்தது. 2008-ல் மலாக்கா நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பழம்பொருள் தேடி அதன் ஜோங்கர் தெருவுக்கு வருகிறவர்களுக்கு இன்று குறைவில்லை.

பழையது என்பதாலேயே ஒரு பொருள் அழகாகிவிடாது. அதைத் திருப்பிப் பயன்படுத்தினோம் என்பதும் தனிப் பெருமையல்ல. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: புதிய வேலை பழைய வடிவத்தோடு ஒத்துப்போகிறதா? ஏந்தப் பிறந்தது மங்கு. செடியையோ சீனியையோ தந்தால் இன்னும் ஏந்திக்கொண்டிருக்கும். அதன் நடுவில் துளை போட்டு மின்விளக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டால், அந்த வடிவத்தின் அறிவு முழுவதும் வீண். காண்டா வாளிக்கும் இதே கணக்கு. தோள் கம்பின் இரு முனையிலும் தொங்கிய அந்த வாளி, தளும்பாமல் சுமப்பதற்கென்று உயர்ந்து குறுகியது. வாசலோரம் குடைகளைத் தாங்க வைத்தால் அதன் உயரமும் கைப்பிடியும் மறுபடி அர்த்தப்படும்.

பழையதற்குப் புது வேலை தரும் இந்தக் கலையை நகரத்து வடிவமைப்பாளர்கள் கண்டுபிடிக்கவில்லை. தோட்டத்து வீடுகளில் கெட்டிப்பால் டின் அரிசி அளக்கும் படியாயிற்று. கோப்பிக் கடையிலோ அதே டின்னில் துளையிட்டுக் கயிறு கோத்து, சுடச்சுடக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். மண்ணெண்ணெய்த் தகரத்துக்குக் குறுக்குக் கட்டை அடித்தால் தண்ணீர் வாளி. கோதுமை மாவுச் சாக்கு வெளுத்துத் தலையணை உறையாயிற்று. பழைய சேலை தூளியாகி, பிறகு கரித்துணியாகித்தான் ஓய்ந்தது.

எனக்குப் பிடித்தது டயர்த் தொட்டி. தேய்ந்த டயரின் ஒரு பக்கத்தைப் பூவிதழ்போல் வெட்டி, முழு டயரையும் உள்வெளியாகப் புரட்டிவிடுவார்கள். புரட்டுவதற்குக் கைப்பலமும் பொறுமையும் வேண்டும். புரட்டிய பின் வாய் விரிந்து, இடை சிறுத்து, அடி அகன்ற பூத்தொட்டி கிடைக்கும். அதற்கு மஞ்சளும் சிவப்பும் பூசிச் செம்பருத்தி நட்டுக் கோயில் முற்றத்திலும் வீட்டு வாசலிலும் வைப்பார்கள். மரத்திலிருந்து பாலாய்க் கப்பலேறிப் போனது, ஊரெல்லாம் உருண்டுவிட்டு மறுபடி மண் ஏந்த வந்து நிற்கிறது. ஸூரிக் நகரத்தில் 1993-ல் தொடங்கிய ஃப்ரைடாக் நிறுவனம் லாரித் தார்ப்பாயை வெட்டிப் பை தைத்து உலகப் புகழ் பெற்றது. அந்தப் பைகளை மெச்சும் கண் நம் டயர்த் தொட்டியையும் ஒருமுறை நின்று பார்க்கட்டும்.

மரத்தின் கதை இன்னும் நயமானது. இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் வற்றினால் கித்தா மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் வெகுகாலம் வெறும் விறகு. ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடவும் செங்கல் சூளைக்கும் போனது. வெட்டிச் சில நாளிலேயே பூஞ்சை ஏறி நீலம் பாரித்துவிடும் என்பதால் தச்சர்கள் தொடவில்லை. போரான் உப்பை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை வந்ததும் நிலைமை மாறியது. 1980-களிலிருந்து மலேசிய நாற்காலி, மேசை ஏற்றுமதியைத் தாங்குவதே இந்த மரம்தான். கீசாங் ஆற்றைத் தாண்டினால் வரும் மூவார் அந்தத் தொழிலின் தலைநகரம். தாய்லாந்தின் பிளான்டாய்ஸ் 1981-லிருந்து பால் வற்றிய மரத்திலேயே குழந்தைகளுக்குப் பொம்மை செய்கிறது. கித்தாப் பலகையை வாங்கும்போது அதன் ஓரத்தைப் பாருங்கள். நீண்ட நேர்மரம் கிடைக்காததால் சிறு துண்டுகளைப் பல்வெட்டிக் கோத்திருப்பார்கள். வெளிர் சந்தன நிறத்தில் அந்தக் கோப்பு வரிசை தெரியும். சாயம் பூசி அதை மறைத்துத் தேக்கு என்று நடிக்கவைப்பது எனக்கு ஒப்பாது.

நடிப்பு என்றால் எனாமல் பாத்திரங்கள் நினைவுக்கு வருகின்றன. பழைய டிபன் கேரியர்களுக்குக் கிராக்கி ஏறியதும், பிறக்கும்போதே அடிபட்ட புதுக் கேரியர்கள் வந்துவிட்டன. வேறுபாடு எளிது. எனாமல் என்பது இரும்புத் தகட்டில் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. உண்மையில் உழைத்த பாத்திரம் மூடி மோதும் விளிம்பிலும், பிடி ஒட்டிய மூலையிலும், தரை உராயும் அடியிலும்தான் உதிரும். போலியிலோ காயம் பாத்திரம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும். அல்லது தொட்டால் வழவழவென்று வெறும் சித்திரமாக இருக்கும். காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவில் ஸ்வீடனின் காக்கம்ஸ் கிண்ணங்களைத் தேடுகிறவர்களும் இப்படித்தான் விளிம்பைத் தடவுகிறார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்த குடும்பங்களின் வீட்டுச் சாமான் அங்கே. அந்த மலாயாவில் பால் வெட்டியவர்களின் தட்டுமுட்டு இங்கே. இரண்டும் இன்று ஒரே வகை வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கின்றன.

இதில் ஒரு நெருடல் உண்டு. மங்கு ஒன்றைக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் காட்டினால், "இதைப் போய்க் காசு கொடுத்தா வாங்கினே?" என்பார். விடியுமுன் பிரட்டுக்கு (வேலைக்கு முந்திய பெயர்ப்பதிவுக்கு) ஓடி, கொசுக்கடியில் நூற்றுக்கணக்கான மங்குகளைத் துடைத்தவருக்கு அது கூடத்து அலங்காரமாகத் தெரியாது. "சுராட் காபார் லாமா" என்று கூவிவரும் பழைய பேப்பர் லோரியில் அதை எப்போதோ போட்டிருப்பார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வறுமையை அழகாக்கிப் பார்ப்பது ரசனையாகாது. நாம் மெச்ச வேண்டியது அந்தப் பொருளில் உறைந்திருக்கும் அறிவையும் அதைக் கையாண்ட தேர்ச்சியையும்தான்.

ஆகவே புதுமனைக்கோ கல்யாணத்துக்கோ மங்கு ஒன்றைப் பரிசாகக் கொடுப்பவர்கள் வெறுமனே காகிதம் சுற்றிக் கொடுக்க வேண்டாம். அது மரத்தில் எப்படித் தொங்கியது, எதை ஏந்தியது என்று தமிழில் நாலு வரி எழுதி உள்ளே வையுங்கள். எழுதத் தெரியவில்லையென்றால் பால் வெட்டிய ஒருவரைத் தேடிப்போய்க் கேளுங்கள். ஜாசின் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. எந்த மங்கு நல்ல மங்கு என்பது ஜோங்கர் தெருக் கடைத் தவுக்கேயைவிட அவருக்குத் தெரியும்.